சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் கணவர்

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி ஆறு வருடம், நான்கு வயதில் ஒரு மகள். கணவர் பல்கலைக்கழகத்தில் கணித ஆராய்ச்சி செய்கிறார், வயது 39. மணிக்கணக்கில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார், கை மட்டும் காற்றில் எதையோ திருப்பிக்கொண்டிருக்கும். கூப்பிட்டால் காதில் விழாது. சண்டையில் “நீங்க எப்பவுமே இப்படித்தான்” என்றால், “எப்பவுமே இல்லை, போன ஞாயிற்றுக்கிழமை நான் அப்படி இல்லையே” என்பார். மூன்று வருடமாக எழுதிவந்த ஒரு நிரூபணத்தில் ஓட்டை இருப்பது நான்கு மாதத்துக்கு முன் தெரிந்தது. அன்றிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை. “நாற்பது ஆகப்போகுது, இனிமே என்ன” என்கிறார். மகளோடு காகிதத்தை வெட்டி ஒட்டி விளையாடும் நேரம் தவிர அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. கணக்கில் மூழ்குகிறவர்களுக்குக் கடைசியில் புத்தி பேதலித்துவிடும் என்று என் அண்ணன் பயமுறுத்துகிறார். இணையத்தில் கிடைத்த ஐம்பது கேள்வி ஆட்டிசம் தேர்வை அவருக்காக நானே நிரப்பினேன், 31 வந்தது. இது நோயா, சுபாவமா? எங்கள் மேல் அவருக்குப் பாசமே இல்லையா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவர் வேலை செய்யும் விதம், அந்த வேலையால் படிந்த பேச்சுப் பழக்கம், கடந்த நான்கு மாதமாக அவர் இருக்கும் நிலை. முதல் இரண்டும் நோய் இல்லை. மூன்றாவதுதான் எனக்குக் கவலை தருகிறது. நான்கு மாதமாகத் தூக்கம் கெட்ட ஒருவரை, அவர் என்ன வேலை பார்க்கிறவராக இருந்தாலும், மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். கடிதத்தின் மீதியைப் படிப்பதற்கு முன் இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்பி வருகிறேன்.

முதலில் அந்த 31. நீங்கள் நிரப்பியது 2001-இல் கேம்பிரிட்ஜில் ஆட்டிசம் ஆய்வாளர் சைமன் பேரன்-கோஹன் குழுவினர் வெளியிட்ட கேள்வித்தாளாகத்தான் இருக்கும். அது ஒருவர் தன்னைப் பற்றித் தானே நிரப்ப வேண்டியது. மனக்காயத்தோடு இருக்கும் மனைவி கணவருக்காக நிரப்பினால் எண் வேறு மாதிரிதான் வரும், அது உங்கள் தப்பு இல்லை. அவர்கள் கணக்கில் பொதுமக்களின் சராசரி 16-ஐ ஒட்டி இருந்தது, ஆட்டிசம் உறுதியானவர்களின் சராசரி 35-ஐ ஒட்டி. கணிதம் படித்தவர்களுக்கு 21-ஐ ஒட்டி வந்தது, அதாவது மற்ற அறிவியல் துறையினரைவிடவும் கொஞ்சம் அதிகம். ஆனால் அந்தத் தாளிலேயே “எண்கள் என்னை ஈர்க்கின்றன”, “கார் நம்பர் பிளேட் போன்றவற்றைக் கவனிப்பேன்” என்கிற மாதிரி வரிகள் இருக்கின்றன. கணிதத்தில் இருப்பவருக்கு அங்கே ஓரிரு மதிப்பெண் தானாகவே ஏறிவிடும். 32-க்கு மேல் வந்தால்கூட அது முறையாகப் பரிசோதித்துப் பார்க்கலாம் என்பதற்கான அறிகுறிதான், முடிவு இல்லை.

கணிதத்துக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதே குழு 2007-இல் இன்னொரு ஆய்வு வெளியிட்டது. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த 378 மாணவர்களில் 7 பேர் தங்களுக்கு ஆட்டிசம் இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்றார்கள். மற்ற துறைகளில் 414 பேரில் ஒருவர். வித்தியாசம் பெரியதுதான். ஆனால் அந்த 378-இல் மீதி 371 பேரையும் பாருங்கள். தொடர்பு இருக்கிறது என்பது வேறு, உங்கள் வீட்டில் இருப்பவருக்கு அது இருக்கிறது என்பது வேறு. ஒருவேளை இருந்தாலும் அதைப் பாசமின்மை என்று படிக்கக் கூடாது. ஆட்டிசம் உள்ளவர்கள் ஆழமாக அன்பு வைக்கிறார்கள், காட்டும் வழிதான் வேறு. இதை இத்தனை வருட வேலையில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். அவர் மனதில் ஓடும் பெயர்களை என்னால் ஊகிக்க முடிகிறது. ஜான் நாஷ், கர்ட் கோடல், ஜார்ஜ் கான்டர். புகழ்பெற்ற கணிதவியலர்களான இந்த மூவரும் மனநோயால் துன்பப்பட்டது உண்மை. கோடல் உணவில் விஷம் இருக்கும் என்று அஞ்சி, மனைவி அடீல் ருசி பார்த்ததை மட்டும் சாப்பிட்டார். அடீல் மருத்துவமனையில் படுத்தபோது சாப்பிடுவதையே விட்டு 1978-இல் இறந்துபோனார். கேட்கவே நெஞ்சு கனக்கிறது, அதனால்தான் இந்தக் கதை ஊரெல்லாம் சுற்றுகிறது. காலையில் எழுந்து நாலு பக்கம் எழுதி, பாடம் நடத்தி, குழந்தைகளை வளர்த்து, முதுமையில் இறந்த ஆயிரக்கணக்கான கணிதவியலர்களைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை. ஃபீலிக்ஸ் போஸ்ட் என்ற மனநல மருத்துவர் புகழ்பெற்ற 291 பேரின் வாழ்க்கை வரலாறுகளை ஆராய்ந்து 1994-இல் வெளியிட்டார். மனப் பிரச்சினைகள் மிகக் குறைவாக இருந்தது விஞ்ஞானிகளிடம், அதிகமாக இருந்தது எழுத்தாளர்களிடம். அப்புறம் நாஷ் விஷயத்தில் ஒன்றை எல்லோரும் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார்கள். நோபல் பரிசுக்குக் காரணமான வேலையை அவர் 1950 வாக்கில், இருபத்திரண்டு வயதுக்குள் முடித்துவிட்டார். நோய் தாக்கியது 1959-இல். நோய் அவருக்குக் கணிதத்தைக் கொடுக்கவில்லை, பல வருடங்களைப் பறித்துக்கொண்டது. கணிதமும் அவருக்கு நோயைக் கொடுத்ததாகச் சொல்ல ஆதாரம் இல்லை. மேதை என்றால் கொஞ்சம் பைத்தியம் இருக்கத்தான் செய்யும் என்ற பேச்சை நான் கடுமையாக வெறுக்கிறேன். அந்தப் பேச்சை நம்பித்தான் பல குடும்பங்கள் மருத்துவரிடம் போகாமல் வருடக்கணக்கில் காத்திருக்கின்றன.

சரி, இனி அந்தச் சுவர்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சும்மா இருக்கவில்லை. கணிதவியலரின் வேலையில் பேனா பிடித்து எழுதுவது கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் நடப்பதை வெளியிலிருந்து பார்த்தால் சோம்பல் போலத்தான் தெரியும். ஜாக் ஹாடமார்டு என்ற பிரெஞ்சுக் கணிதவியலர், கணிதவியலர்களின் மனம் எப்படி வேலை செய்கிறது என்று பலரிடம் விசாரித்து 1945-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஐன்ஸ்டீன் அவருக்கு எழுதிய பதிலில், தன் சிந்தனையில் சொற்களுக்குப் பெரிய பங்கில்லை, காட்சிகளும் சில நேரம் தசை அசைவு போன்ற உணர்வுகளுமே முதலில் வரும், சொற்களைப் பிறகு சிரமப்பட்டுத் தேட வேண்டியிருக்கிறது என்றார். உங்கள் கணவரின் கை காற்றில் திரும்புவது இப்போது உங்களுக்கு வேறு மாதிரி தெரியலாம். அவர் ஏதோ ஒரு வடிவத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கிறார், அது நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். 2016-இல் மாரி அமால்ரிக், ஸ்தானிஸ்லாஸ் தெஹேன் என்ற இரு ஆய்வாளர்கள் பதினைந்து கணிதவியலர்களையும், அதே அளவு படித்த ஆனால் கணிதம் படிக்காத பதினைந்து பேரையும் ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து வாக்கியங்களைக் கேட்கச் செய்தார்கள். உயர் கணித வாக்கியங்களை யோசிக்கும்போது கணிதவியலர்களின் மூளையில் வேலை செய்தது எண்களையும் இடத்தையும் உணரும் பகுதிகள். மொழிக்கான பகுதிகள் கிட்டத்தட்ட ஒதுங்கியே இருந்தன. அதனால்தான், ஆழ்ந்திருக்கும் நேரத்தில் “என்ன யோசிக்கிறீங்க?” என்று கேட்டால் அவரால் சட்டென்று பதில் சொல்ல முடிவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மறைக்கிறார் என்று நினைக்காதீர்கள், அது இன்னும் சொல்லாகவே ஆகியிருக்காது.

இன்னொன்றும் உண்டு. மனம் பிரச்சினையை விட்ட பிறகும் வேலை செய்துகொண்டிருக்கும். ஹென்றி பாயின்காரே என்ற பிரெஞ்சுக் கணிதவியலர் 1908-இல் பாரிஸில் உளவியலாளர்கள் முன் பேசியபோது சொன்னது இது. பல நாள் முட்டி மோதிய ஒரு விஷயத்தை மறந்து ஒரு பயணத்தில் இருந்தார், குதிரை வண்டியின் படியில் கால் வைத்த அந்த நொடியில் விடை வந்து நின்றது. ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் கணவர் எழுந்து உட்கார்ந்தால் அது இப்படிப்பட்டதாகவும் இருக்கலாம், கவலையால் தூக்கம் போனதாகவும் இருக்கலாம். பிரித்தறிவது எப்படி என்று கீழே சொல்கிறேன். ஆனால் இதே பாயின்காரே ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம்தான் தீவிரமாகக் கணிதம் செய்தார், காலையில் பத்து முதல் பன்னிரண்டு, மாலையில் ஐந்து முதல் ஏழு. இதை உங்கள் கணவர் தெரிந்துகொள்ள வேண்டும். நாள் முழுக்க முட்டிக்கொண்டே இருந்தால் வேலை கூடுவதில்லை.

வீட்டில் நீங்கள் அவரைக் கூப்பிடும்போது காதில் விழாதது அலட்சியத்தால் அல்ல என்று சொல்லிவிட்டேன். அதற்காக நீங்கள் அதைப் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. இருவரும் பேசி ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இந்த இரண்டு மணி நேரம் அவருடையது, நீங்கள் தொடமாட்டீர்கள். அதற்கு வெளியே தோளில் கை வைத்தால் அவர் திரும்ப வேண்டும். குரல் காதில் விழாதபோதும் தொடுகை பெரும்பாலும் எட்டிவிடும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எந்த நேரமாக இருந்தாலும் எழுந்து வர வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஒழுங்காக வரையறுத்த விதியை மதிப்பது கணிதவியலர்களுக்கு எளிது, “உங்களுக்கே தெரிய வேண்டாமா” என்ற எதிர்பார்ப்பைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

அந்த “எப்பவுமே” சண்டையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும். என் அனுபவத்தில், இந்தத் துறைக்காரர்களின் வீட்டில் மிக அதிகமாகக் காயம் உண்டாக்குவது இதுதான், மௌனம்கூட இரண்டாவதுதான்.

கணிதத்தில் “எல்லா” என்ற சொல் மிகக் கனமானது. எல்லா எண்ணுக்கும் பொருந்தும் என்று ஒருவர் சொன்னால், பொருந்தாத ஒரே ஒரு எண்ணைக் காட்டினால் போதும், மொத்தக் கூற்றும் விழுந்துவிடும். பதினெட்டு வயதிலிருந்து உங்கள் கணவர் செய்துவந்த பயிற்சி இதுதான், யாராவது எதையாவது சொன்னால் உடனே அது பொருந்தாத இடத்தைத் தேடுவது. அங்கே இது மரியாதை. ஒருவர் உங்கள் நிரூபணத்தில் ஓட்டை தேடுகிறார் என்றால் உங்களைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறார் என்று பொருள். சக ஆராய்ச்சியாளர்கள் கரும்பலகை முன் நின்று ஒருவரையொருவர் “இது தப்பு”, “இங்கே இடிக்குது” என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டு, பத்து நிமிஷத்தில் சிரித்தபடி ஒன்றாகச் சாப்பிடப் போவார்கள். அந்தப் பழக்கத்தோடு வீட்டுக்கு வந்து, நீங்கள் “எப்பவுமே” என்றதும் போன ஞாயிற்றுக்கிழமையை எடுத்து நீட்டுகிறார். அவர் மனதில் அது ஒரு திருத்தம். உங்களுக்கோ, நான் அழுதுகொண்டிருக்கிறேன், இந்த மனிதர் கணக்குப் பார்க்கிறாரே என்று இருக்கும். இருவருமே உண்மையைத்தான் சொல்கிறீர்கள். அவர் தேதியைப் பற்றிச் சொல்கிறார், நீங்கள் வலியைப் பற்றிச் சொல்கிறீர்கள்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நடந்த ஒன்றை, நடந்தபடியே சொல்லுங்கள். “நேற்று ராத்திரி பாப்பா அழுதப்ப மூணு தடவை கூப்பிட்டேன், நீங்க வரலை, எனக்குத் தனியா விட்ட மாதிரி இருந்துச்சு.” இதில் அவர் மறுக்க எதுவும் இல்லை. நடந்தது நடந்தது, உணர்ந்தது உணர்ந்தது. நான் பார்த்த பலர் இப்படிச் சொன்னதும் சட்டென்று தணிந்துபோயிருக்கிறார்கள், ஏனென்றால் தங்களுக்குப் புரியும் வடிவில் முதல் தடவையாக அது வந்து சேர்ந்தது.

ஆனால் எல்லாச் சரிசெய்தலையும் நீங்களே செய்ய வேண்டும் என்று நான் சொன்னால் அது அநியாயம். இந்தப் பத்தியை அவருக்குக் காட்டுங்கள். ஐயா, உங்கள் மனைவி “எப்பவுமே” என்று சொல்லும்போது ஒரு கூற்றை முன்வைக்கவில்லை, அதற்கு எதிர் உதாரணம் தேடாதீர்கள். அந்த ஒரு சொல்லைத் தாண்டி அடுத்து என்ன வருகிறது என்று கேளுங்கள். உங்கள் வேலை உங்கள் பழக்கத்தை விளக்குகிறது, ஆனால் வீட்டில் ஒருவர் அழும்போது அதைத் திருத்திக்கொண்டிருப்பதற்கு அது அனுமதி தருவதில்லை. ஒரு தவறான வரியை ஒத்துக்கொண்டு கிழித்துப் போடும் நேர்மை உங்கள் துறையில் எல்லோருக்கும் உண்டு, அதை வீட்டிலும் காட்டுங்கள்.

இனி அந்த ஓட்டை.

வெளியாட்களுக்கு இதன் வலி புரிவது கடினம். மூன்று வருட வேலையில் ஒரு வரி நிற்காவிட்டால், அதன் மேல் கட்டிய எல்லாமும் சேர்ந்து நிற்காது. கட்டடத்தில் விரிசல் விட்டால் பூசலாம், இங்கே முக்கால்வாசி சரி என்ற பேச்சே இல்லை. ஆண்ட்ரூ வைல்ஸ் என்ற கணிதவியலர், முன்னூறு வருடத்துக்கு மேலாக யாராலும் நிரூபிக்க முடியாமலிருந்த ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தில் ஏழு வருடம் கிட்டத்தட்ட ரகசியமாக உழைத்தார், ஆரம்பத்தில் விஷயம் தெரிந்தது மனைவிக்கு மட்டும்தான். 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் அறிவித்தார், உலகம் முழுக்கச் செய்தி. சில மாதத்தில் சரிபார்த்தவர்கள் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். அந்த வருடம் மனைவி தன் பிறந்தநாளுக்குக் கேட்ட பரிசு, சரியான நிரூபணம். அவரால் கொடுக்க முடியவில்லை. முன்னாள் மாணவர் ரிச்சர்ட் டெய்லரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போராடி, கைவிடலாம் என்ற நிலைக்குப் போய், 1994 செப்டம்பரில்தான் வழி கிடைத்தது. அடுத்த பிறந்தநாளுக்குக் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 41. கணிதத்தின் மிக உயர்ந்த பரிசுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கான நாற்பது வயது வரம்பு தாண்டிவிட்டது, 1998-இல் அவருக்கென்று தனியாக ஒரு வெள்ளித் தகடு கொடுத்தார்கள்.

அந்த வரம்பும், கணிதம் இளைஞர்களின் ஆட்டம் என்று ஆங்கிலேயக் கணிதவியலர் ஜி. எச். ஹார்டி 1940-இல் எழுதிவைத்ததும் சேர்ந்து இந்தத் துறையில் எத்தனையோ பேரின் முப்பத்தொன்பதாவது வயதைக் கெடுத்திருக்கின்றன. ஹார்டி அதை எழுதியபோது உடலும் மனமும் சோர்ந்திருந்தார், அதைச் சேர்த்துத்தான் அந்த வரியைப் படிக்க வேண்டும். யீடாங் ஜாங் என்ற கணிதவியலர் பகா எண்களுக்கிடையேயான இடைவெளி பற்றிய தன் புகழ்பெற்ற முடிவை 2013-இல், ஐம்பத்தெட்டு வயதில் வெளியிட்டார், அதற்கு முன் பல வருடம் சாதாரண விரிவுரையாளராக இருந்தவர். ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற முதல் பெண் மரியம் மிர்ஸாகானி தன்னை மெதுவாக யோசிப்பவர் என்றே சொல்லிக்கொண்டார். தரையில் பெரிய தாளை விரித்து ஒரே மாதிரிப் படங்களைத் திரும்பத் திரும்ப வரைவார், அவருடைய சின்ன மகள் அம்மா ஓவியம் வரைகிறாள் என்று நினைத்தாள். இதை எல்லாம் ஒரே மூச்சில் அவரிடம் ஒப்பிக்காதீர்கள். துக்கத்தில் இருப்பவருக்கு உதாரணம் மனதில் ஏறாது. “அந்த ஓட்டை எங்க இருக்கு, எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க” என்று ஒருநாள் கேளுங்கள். பாதி புரியாமல் போகலாம், பரவாயில்லை. நான்கு மாதமாக அவர் அதனோடு தனியாக இருக்கிறார்.

இப்போது, முதலில் சொன்னதுக்குத் திரும்புகிறேன். கணக்கில் மாட்டிக்கொண்டு தவிப்பதையும் மனச்சோர்வு நோயையும் பிரித்துப் பார்க்க நான் கவனிப்பது இது. மாட்டிக்கொண்டவர் எரிச்சலோடாவது அந்தக் கணக்கிடமே திரும்பத் திரும்பப் போவார். ராத்திரி எழுந்தால் விளக்கைப் போட்டு எழுதுவார், காலையில் களைப்பாக இருந்தாலும் கண்ணில் ஒரு பரபரப்பு இருக்கும். மனச்சோர்வில் கணக்கின் மேலேயே ஆசை போய்விடும். எழுந்தவர் எழுத மாட்டார், இருட்டில் சும்மா உட்கார்ந்திருப்பார். பசி குறையும், “நிரூபணம் தப்பு” என்று இருந்தது “நானே தப்பு” என்று மாறும். இது பெரும்பாலான நாள்களில் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டிய கட்டம். சாவைப் பற்றியோ, தான் இல்லாமல் போனால் நல்லது என்றோ ஒரு வார்த்தை வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், தனியாக விடவும் வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மருந்து எடுத்தால் யோசிக்கும் கூர்மை போய்விடும் என்று இவர்கள் பயப்படுவார்கள். மருத்துவரிடம் அந்தப் பயத்தை வெளிப்படையாகச் சொல்லச் சொல்லுங்கள், மருந்தையும் அளவையும் பார்த்து மாற்ற முடியும். தூங்காத மூளையின் கூர்மை ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருக்கிறது.

பாசம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கான பதிலை நீங்களே போகிற போக்கில் எழுதிவிட்டு, அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். காகிதத்தை வெட்டி ஒட்டி விளையாடுகிறார் என்றீர்கள். அது என்ன விளையாட்டு என்று அடுத்த தடவை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நீளமான காகிதப் பட்டையின் ஒரு முனையை அரைச் சுற்றுத் திருப்பி மறுமுனையோடு ஒட்டினால் மோபியஸ் பட்டை. அதன் நடுவில் பென்சிலை எடுக்காமல் கோடு போட்டுக்கொண்டே போனால், இரண்டு பக்கமும் கோடு விழுந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும், ஏனென்றால் அதற்கு இருப்பதே ஒரு பக்கம்தான். அந்தக் கோட்டின் வழியாக வெட்டினால் இரண்டு வளையம் வர வேண்டும் என்று தோன்றும். வராது, நீளமான ஒரே வளையம் வரும். நான்கு வயதுக் குழந்தையின் கண் விரிவதைப் பார்க்க ஒருவர் தரையில் உட்கார்ந்து இதைச் செய்கிறார் என்றால், தன்னிடம் இருப்பதிலேயே மிக அருமையானதை எடுத்து அவள் கையில் கொடுக்கிறார் என்று பொருள். வைல்ஸும் அந்த ஏழு வருடத்தில் குழந்தைகளோடு இருந்தபோதுதான் மனம் தளர்ந்து ஓய்வெடுக்க முடிந்தது என்று சொல்லியிருக்கிறார். உங்கள் கணவருக்கும் இப்போது மூச்சு விடக் கிடைத்திருக்கும் இடம் அதுதான் போலிருக்கிறது. அந்தத் தரையில் நீங்களும் உட்காருங்கள். நீங்கள் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பதாக உங்கள் எழுத்தில் எனக்குத் தோன்றியது, அதுவும் என்னை வருத்தியது.

இந்த வாரம் மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். தூக்கத்துக்காக என்று சொன்னால் அவர் மறுக்காமல் வரக்கூடும், அது பொய்யும் இல்லை. உங்கள் தூக்கத்தையும் அங்கே சொல்லுங்கள், கடிதத்தில் நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லை. இந்தப் பதிலை முழுதாக அவரிடம் கொடுங்கள். ஏற்க முடியாத இடம் எதுவென்று அடிக்கோடிட்டுத் தரட்டும், அந்த வரியிலிருந்து நாம் மூவரும் பேச ஆரம்பிக்கலாம்.